புதுப்பிப்பு: பல்சர் முன் பிரேக் பேட் மாற்றியாச்சு

முன்பு கேட்டிருந்தேன்: அப்பாவின் பழைய பல்சரில் முன் பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம், வண்டியும் சட்டென்று நிற்கவில்லை. பிரேக் பேடை (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தகட்டை இரு பக்கமும் அழுத்தி வண்டியை நிறுத்தும் கட்டை) பாருங்கள் என்று பலர் சொன்னீர்கள். அதேதான். உள்பக்கப் பேட் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்தில் பாதி மிச்சம்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்ததற்குக் காரணம் காலிப்பர் (பேடுகளைத் தாங்கி அழுத்தும் பாகம்) நகர உதவும் பின் (pin) என்ற கம்பி. காரைக்குடிச் செம்மண் பழைய கிரீஸோடு சேர்ந்து அப்பி, கையால் தள்ளினால் அசையவே இல்லை. சுத்தமாகத் துடைத்து, சிலிகான் கிரீஸ் தடவியதும் வழுக்கிக்கொண்டு போனது. பேடை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டால் புதுசும் அப்படியேதான் தேயும். தயவுசெய்து யாரும் இதைத் தவிர்க்காதீர்கள்.

புதுப் பேட் நுழைய இடம்விட, காலிப்பரில் பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும் முன், மேலே ஹேண்டில்பாரில் உள்ள பிரேக் ஆயில் டப்பா மூடியைத் திறந்து, பெட்ரோல் டேங்கில் துணி போர்த்தினேன். பிரேக் ஆயில் சிந்தினால் பெயின்ட் போய்விடும். மாட்டி முடித்ததும் பிரேக் லிவர் கெட்டியாகும் வரை திரும்பத் திரும்பப் பிடித்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்த வேண்டும். முதல் பிடிக்குப் பிரேக்கே இருக்காது.

அப்புறம் பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான் வரை மெதுவாக, பிரேக்கை விட்டுவிட்டுப் பிடித்து ஓட்டினேன். சத்தம் இல்லை. டிஸ்க்கில் லேசான கோடுகள். நகத்தில் தட்டவில்லை, அதனால் மாற்றவில்லை. பிரேக் ஆயில் கறுத்திருக்கிறது, அடுத்து அதுதான்.