மட்டன் மேட்டுநில வாய்க்கால்: விவரம் தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம். காஷ்மீரின் அனந்த்நாக் மாவட்டத்தில், மார்த்தாண்டர் கோயில் இடிபாடுகள் நிற்கும் மட்டன் மேட்டுநிலத்து ஊர்களுக்கு லித்தர் ஆற்று நீரைக் கொண்டுவரும் பழைய வாய்க்காலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவருகிறேன். 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் அமைத்த வாய்க்கால்களுள் ஒன்றாக இதை அவருடைய அவைப் புலவர் ஜோனராஜர் பதிவுசெய்திருக்கிறார். கரேவா எனப்படும் இந்த மேடு ஆற்றுப்படுகையைவிட உயரமானது என்பதால், ஆற்றின் மேற்பகுதியிலேயே நீரைப் பிரித்து, மலைச்சரிவை ஒட்டி மெல்லிய சாய்வில் நடத்திவர வேண்டியிருந்தது; கோயிலை வியப்பவர்கள் இந்த வேலையை ஏனோ பெரும்பாலும் கவனிப்பதில்லை. கரையோர ஊர்களை நன்கு அறிந்தவர்கள், நெல் நடவுக் காலத்தில் தலைமடைக்கும் கடைமடைக்கும் நீர் எம்முறையில் பங்கிடப்படுகிறது, மடை திறக்கும் பொறுப்பு யாருடையது, ஆப்பிள் தோட்டங்களுக்கும் இதே முறைதானா என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். வாய்க்கால் ஊருக்குள் நுழையும் இடத்தின் படம் இருந்தால் பகிரவும்.