"ரேம் பின்னாடி ஏத்திக்கலாம்"னு சொல்லி வாங்கின அனுபவம் யாருக்கெல்லாம் இருக்கு?

நட்டு_போல்ட்டு:
சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் லேப்டாப் சர்வீஸ் பாக்குறேன். அடிக்கடி வர்ற கதைங்கறதால இங்க போடுறேன், உங்களுக்கும் இப்படி நடந்திருந்தா எழுதுங்க. போன வாரம் ஒரு அப்பாவும் பொண்ணும் வந்தாங்க. பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்குது. வாங்கி வருஷம்கூட ஆகாத மெலிசான லேப்டாப், 8 ஜிபி ரேம் (ஓடுற ப்ரோகிராம் எல்லாம் தங்குற மெமரி). ஆப் எழுதுற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவ தொறந்து, போன் மாதிரியே நடிக்கிற எமுலேட்டர ஓடவிட்டா மவுஸே நகர மாட்டேங்குதாம். கடையில "இப்போதைக்கு 8 போதும் சார், பின்னாடி ஏத்திக்கலாம்"னு சொல்லித்தான் குடுத்திருக்காங்க, அத நம்பி அவரு ஆன்லைன்ல 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஸ்டிக் ஒன்னு வாங்கி கவர்கூட பிரிக்காம கையோட கொண்டு வந்திருக்காரு. அடி மூடிய கழட்டினேன். பேட்டரி, ஃபேன், எஸ்எஸ்டி, அவ்ளோதான், ரேம் சொருகுற ஸ்லாட்டுன்னு ஒன்னு கிடையவே கிடையாது. ப்ராசஸர் பக்கத்துல கருப்பா நாலு சிப்பு போர்டோட சேத்து சால்டர் பண்ணியிருக்கு, அதுதான் ரேம். அவரு எட்டிப் பாத்துட்டு "இங்க எங்கயாச்சும் சொருக முடியாதா தம்பி"ங்குறாரு. என்னத்த சொல்ல.

இத கழட்டாமலே பாத்திருக்கலாம். டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் போயி மெமரிய அமுக்குனா கீழ ஃபார்ம் ஃபேக்டர்னு ஒரு வரி வரும். சோடிம்னு இருந்தா கழட்டி மாத்துற ஸ்டிக், ரோ ஆஃப் சிப்ஸ்னு இருந்தா போர்டோட ஒட்டினது. அதுக்கு மேல ஸ்லாட்ஸ் யூஸ்டுனு ஒன்னு காட்டும், அத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, ஒட்டின சிப்பையும் அது ஸ்லாட் கணக்குலதான் சேத்து காட்டும்.

டேலி_அக்கா:
நான் ஆடிட்டர் ஆபீஸ். எங்க கத பழைய டெஸ்க்டாப். டேலி, ரெண்டு மூணு எக்ஸெல், குரோம்ல ஜிஎஸ்டி போர்ட்டல், இவ்ளோ தொறந்தாலே மூச்சு வாங்கும், அதனால 2 ஜிபி ஸ்டிக் ரெண்டா போட்டு 4 ஆக்கினாங்க. ஆனா ப்ராப்பர்டீஸ்ல பாத்தா 4 ஜிபினு போட்டு பக்கத்துலயே 3.24 யூசபிள்னு வருது. வந்த சர்வீஸ் பையன் ஸ்டிக்குதான் ஃபால்ட்டுனு மாத்தி மாத்தி சொருகிப் பாத்தான், அதே 3.24. அப்புறம் எங்க அக்கா பையன் வந்து பாத்துட்டு ஒரு நிமிஷத்துல சொல்லிட்டான், சித்தி இது 32 பிட் விண்டோஸ், இதுக்கு மொத்தம் சுமார் 429 கோடி அட்ரஸ்தான் எண்ணத் தெரியும், அதாவது 4 ஜிபி, அதுலயே கிராஃபிக்ஸ் மத்த டிவைஸ் எல்லாம் மேல கொஞ்சத்த பிடிச்சு வச்சுக்கும், மிச்சம்தான் ரேமுக்குன்னு. சரி 64 பிட் போட்டுட்டு 8 ஆக்கிடலாம்னு பாத்தா போர்டுல ரேம கையாளுற சிப்பு ஜி31 சிப்செட், அதோட உச்சமே 4 ஜிபி. ஒரு கதவ தொறந்தா உள்ள இன்னொரு பூட்டு. கடைசில சார் மெஷினையே மாத்திட்டாரு, அந்த 3.24 மெஷின் இப்ப பிரிண்டர் பக்கத்துல ஸ்கேனுக்கு மட்டும் ஓடுது.

நட்டு_போல்ட்டு:
அக்கா சூப்பர். இதுல மூணாவதா இன்னொரு பூட்டும் உண்டு, அந்த காலத்து விண்டோஸ் 7ல எடிஷனுக்கு எடிஷன் ரேம் உச்ச அளவு வேற. ஸ்டார்ட்டர்னா 2 ஜிபி, 64 பிட் ஹோம் பேசிக்னா 8, ஹோம் பிரீமியம்னா 16. விண்டோஸ் 10 ஹோம் 64 பிட்ல 128 வர விடுது, வீட்டு மெஷின்ல அத யாரும் தொடப்போறதில்ல, அதனால இப்ப பாக்க வேண்டியது ப்ராசஸரும் போர்டும்தான்.

வடமராட்சியான்:
நான் யாழ்ப்பாணம். மச்சான் ஒருத்தர் நாலாம் தலைமுறை ஐ5 லேப்டொப் வச்சிருந்தவர், ரெண்டு ஸ்லொட் இருக்கு, ஒண்டு சும்மா கிடக்குது. கொழும்புக்குப் போகேக்க 8 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக் ஒண்டு வாங்கி வந்து போட்டார். ஸ்கிரீன் வரேல்லை. கழட்டினா பழையபடி ஓடுது. ஸ்டிக் பழுது எண்டு திருப்பி அனுப்ப வெளிக்கிட்டவர், நான் ரெண்டு லேபிளையும் பக்கத்தில வச்சுப் பாத்தன். பழசில பிசி3எல் எண்டு இருக்கு, புதுசில வெறும் பிசி3. எல் இருக்கிறது 1.35 வோல்ட், இல்லாதது 1.5. அந்தத் தலைமுறை லேப்டொப்புக்கு எல் தான் வேணும். ஸ்டிக்கின்ர அடியில இருக்கிற வெட்டு ரெண்டிலயும் ஒரே இடத்தில இருக்கிறபடியா வடிவா உள்ள போயிடும், அதுதான் வில்லங்கம். பிறகு எல் ஸ்டிக் எடுத்துப் போட்டது, இப்ப 12 ஜிபியோட அவற்ற பிள்ளை ஒன்லைன் கிளாஸ் பாக்கிறாள்.

கல்யாண_கேமரா:
எல்லாரும் சோகமா எழுதுறீங்க, நான் ஒன்னு நல்லதா சொல்றேன். மதுர பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங். என் லேப்டாப்ல 8 ஜிபி போர்டுலயே, கூட ஒரு காலி ஸ்லாட்டு. மேனுவல்ல உச்சம் 16னுதான் போட்டிருந்துச்சு, அதாவது 8 ஜிபி ஸ்டிக் ஒன்னு போடலாம்னு. ஆனா ப்ராசஸர் ஸ்பெக்க பாத்தா 64 வரைக்கும் தாங்கும்னு இருக்கு, அப்புறம் எதுக்கு பயப்படணும்னு 16 ஜிபி ஸ்டிக்கே போட்டேன், 24 ஜிபி அப்படியே எடுத்துக்கிச்சு. 8ம் 16ம் சேராது, டூயல் சேனல் (ரெண்டு ரேமும் ஒரே நேரத்துல சேந்து வேகமா ஓடுறது) போயிடும்னு நெறைய பேர் பயமுறுத்துனாங்க. அப்படி இல்லங்க, ரெண்டு பக்கமும் எட்டு எட்டா 16 ஜிபி டூயலா ஓடும், மிச்ச 8 மட்டும் சிங்கிளா ஓடும். 4கே டைம்லைன்ல தாலி கட்டுற சீன்ல வந்து நிக்கும் பாருங்க முன்னாடி, அது இப்ப இல்ல.

நட்டு_போல்ட்டு:
ஆமா, கம்பெனிக்காரன் டெஸ்ட் பண்ணின அளவத்தான் மேனுவல்ல போடுவான். இன்டெல்லோட என்100ங்கற ப்ராசஸருக்கு அவங்களே உச்சம் 16 ஜிபிதான்னு போட்டிருக்காங்க, 32 ஜிபி ஸ்டிக் போட்டு ஓட்டுறவங்க நெறைய பேர் இருக்காங்க. ஆனா எல்லாத்துலயும் இத முயற்சி பண்ண வேணாம். நம்ம வடமராட்சி அண்ணன் சொன்ன நாலாம் தலைமுறையில 16 ஜிபி டிடிஆர்3 ஸ்டிக்க போட்டா வேலைக்காகாது, அங்க ஸ்லாட்டுக்கு 8தான்.

சிங்கை_மகேஸ்:
எங்க வீட்ல மேக். 2020ல வந்த ஆப்பிளோட எம்1 சிப்பு மேக்ல ரேம் 8 இல்லனா 16, வாங்குற அன்னிக்கு என்ன எடுத்தீங்களோ அதோட சரி. 2024 கடைசிலதான் ஆரம்பமே 16னு மாத்துனாங்க. யூஸ்டு எம்1 பாக்குறவங்க தயவுசெஞ்சு 16 தேடுங்க.

செகண்ட்_இயர்:
அண்ணா நான் அடுத்த மாசம் வாங்கப்போறேன், 50 ஆயிரம் பட்ஜெட். 8 ஜிபி மாடலா பாத்து வாங்கி அப்புறம் ஏத்திக்கவா, இல்ல கஷ்டப்பட்டு 16 எடுத்துடவா?

நட்டு_போல்ட்டு:
ஸ்லாட் இருந்தா 8 எடுக்கலாம்னுதான் முன்னாடியெல்லாம் சொல்லுவேன். 2025 கடைசில இருந்து ரேம் விலை தாறுமாறா ஏறிக்கெடக்கு, ஏஐ டேட்டா சென்டர்காரங்க அள்ளிட்டுப் போறாங்க, அதனால இப்ப தனி ஸ்டிக்கு விலையையும் 16 மாடலுக்கு கேக்குற கூடுதல் காசையும் ஒன்னா வச்சுப் பாரு, வித்தியாசம் கொஞ்சமா இருந்தா 16 மாடலே எடு. ரேம் வகை எல்பிடிடிஆர்னு போட்டிருந்தா பெரும்பாலும் ஒட்டினதுதான், அத 8ல எடுக்கவே எடுக்காத. பேர மட்டும் கேட்டுட்டு வராத, கடைசில வர்ற எழுத்து நம்பரோட முழு மாடலையும் குறிச்சுக்க, ஒரே பேருல ஒன்னுக்கு ஸ்லாட் இருக்கும் இன்னொன்னுக்கு இருக்காது. அந்த முழு நம்பர போட்டு சர்வீஸ் மேனுவல் தேடினா போர்டு படமே கெடைக்கும்.

செகண்ட்_இயர்:
கடையில டெமோ பீஸ்ல டாஸ்க் மேனேஜர் தொறக்க விடுவாங்களாண்ணா?

நட்டு_போல்ட்டு:
கேக்காத. கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் மூணையும் சேத்து அமுக்கு, தொறந்துக்கும்.