புதுப்பிப்பு: ஏஐ பீவர்கள் இப்போது மறைவதில்லை

முன்பு கேட்டது இது: எஃப்எஸ்எக்ஸில் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் என்ற விமானம் ஓட்டும் கணினி விளையாட்டு) கனடாவின் வான்கூவர், விக்டோரியா துறைமுகங்களுக்கு இடையே ஏஐ பீவர் கடல்விமானங்கள் (கணினியே ஓட்டும் சிறு விமானங்கள்) பறக்கின்றன, தண்ணீரில் இறங்கியதுமே மறைந்துவிடுகின்றன. ஏன்?

நிறுத்துமிடம் போதவில்லை, அவ்வளவுதான். இறங்கிய விமானத்துக்குக் காலியான, அளவு பொருந்தும் இடம் இல்லையென்றால் சிம் அதை அழித்துவிடும். பீவரின் இறக்கை அகலம் 14.6 மீட்டர், 5 மீட்டர் ஆரத்தில் வரைந்த இடம் எத்தனை இருந்தும் பயனில்லை. ஆரத்தை 10 ஆக்கி, வகையை 'டாக்' (படகுத்துறை) என மாற்றி, விமானத்தின் அமைப்புகள் இருக்கும் ஏர்கிராஃப்ட்.சிஎஃப்ஜி கோப்பில் நிறுத்துமிட வகையையும் 'டாக்' என்றே கொடுங்கள். ஒவ்வொரு இடத்திலிருந்தும் நீர் ஓடுபாதை வரை டாக்ஸி பாதை (விமானம் மெல்ல ஊர்ந்து போகும் வழி) தொடர்ந்து போக வேண்டும். அதன் பரப்பும் தண்ணீர்தான். மறந்தால் கடல்மேல் தார்ச்சாலை தெரியும்!

மிதவை மூழ்கினாலோ அந்தரத்தில் நின்றாலோ அதே கோப்பில் 'ஸ்டாட்டிக் சிஜி ஹைட்' (நிற்கும்போது விமானத்தின் ஈர்ப்பு மையம் இருக்கும் உயரம்) மதிப்பை 0.2 அடி வீதம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

ஏஐ படகுகள் வேறு கதை. இரண்டு வழிப்புள்ளிகளுக்கு நடுவே நேர்கோட்டில்தான் போகும், குறுக்கே பாறை இருந்தாலும் சரி. வளைவுகளில் புள்ளிகளை நெருக்கமாக வையுங்கள். ஏஐ விமானத்துக்குப் படகு கண்ணில் படாது. எனவே ஓடுபாதைக்கு வெளியே படகுத் தடம் போடுவதே உத்தமம்.

இன்னொன்று: பழைய எஃப்எஸ்9 (எஃப்எஸ்எக்ஸுக்கு முந்தைய பதிப்பு) வடிவ டிராஃபிக் கோப்பு, அதாவது ஏஐ விமானங்களின் பயண அட்டவணை, ஒன்றே ஒன்று இருந்தாலும் எஃப்எஸ்எக்ஸ் வடிவக் கோப்புகளில் உள்ள விமானங்கள் எல்லாம் வராமல் போய்விடும். முதலில் அதைத் தேடி எஃப்எஸ்எக்ஸ் வடிவுக்கு மாற்றுங்கள்.