பாட்டி ரூம் வேலை: குடும்ப குரூப்ல பேசினது

அக்கா: எல்லாரும் பாருங்க, பாட்டிக்கு இனிமே மாடிப்படி வேண்டாம், கீழ் ரூமை ரெடி பண்ணணும். கையில இருக்கிற பணத்துக்குள்ளயே முடிக்கணும், கடன் வாங்கற பேச்சே கிடையாது

தம்பி: ஃபால்ஸ் சீலிங் போட்டு ஒரு பக்க சுவத்துக்கு வால்பேப்பர் ஒட்டிட்டா ரூமே மாறிடும்க்கா, டிசைன் அனுப்பறேன்

மாமா: மாப்ள, ஜன்னலுக்குக் கீழ பெயிண்ட் உப்பிட்டு வெள்ளையா பூத்திருக்கே அதைப் பாத்தியா? சுவத்துல ஈரம் இருக்கற வரைக்கும் அது மேல எதை ஒட்டினாலும் உரிஞ்சு வந்துடும், பணம் முதல்ல அங்கதான் போகணும்

தம்பி: வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சா நிக்காதா மாமா

மாமா: உள்ள இருக்கற தண்ணி எங்க போகும், தள்ளி வேற இடத்துல வெளிய வரும். அந்த இடத்தை நல்லா துடைச்சு ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு ஓரமும் காத்து போகாம டேப் போட்டு ஒட்டு, ரெண்டு நாள் விட்டுப் பாரு. சுவத்தை ஒட்டின பக்கம் தண்ணி முத்து முத்தா நின்னா சுவத்துக்குள்ள ஈரம், வெளிப்பக்கம் மட்டும் நனைஞ்சா அது ரூம் காத்துல இருக்கற ஈரம், ஜன்னலைத் திறந்து காத்தோட்டம் விட்டாலே குறையும்

சித்தி: அந்த சுவத்துக்கு மறுபக்கம் பாத்ரூம் ஆச்சே

மாமா: எனக்கும் அதுதான் சந்தேகம்மா. ராத்திரி மோட்டார் போடாம எல்லா குழாயையும் மூடிட்டு டேங்க்ல தண்ணி மட்டத்தைக் குறிச்சு வைங்க. காலையில இறங்கியிருந்தா எங்கயோ லீக் இருக்கு, இறங்கலைன்னா டைல்ஸ் இடுக்கையும் தண்ணி வெளிய போற பைப்பையும் பாக்கணும்

அம்மா: கட்டில் பக்கத்துல ஒரு ஸ்விட்ச் வேணும்ப்பா, அத்தை ராத்திரி எழுந்தா இருட்டுல தடவிட்டே நடக்கறாங்க, எனக்கு பயமா இருக்கு

மாமா: கண்டிப்பா வைக்கணும்க்கா. டூ வே ஸ்விட்ச் போட்டா ஒரே லைட்டை கதவுகிட்டயும் போடலாம் கட்டில்கிட்டயும் அணைக்கலாம். ஆனா ஒயரிங்க்கு சுவத்தை வெட்டற வேலை எல்லாம் பெயிண்ட்டுக்கு முன்னாடியே முடியணும், வெட்டின இடத்துல பூசினது நல்லா காஞ்ச அப்புறம்தான் சுவத்தை வழவழப்பாக்கற பட்டி, அதுக்கு மேல பெயிண்ட் நல்லா பிடிக்க பிரைமர், கடைசியா பெயிண்ட். அவசரப்பட்டா மறுபடியும் உப்பும்

அக்கா: பெயிண்ட் எவ்வளவு வாங்கறதுன்னு எப்படி கணக்கு போடறது

சித்தி: ரூம் 10க்கு 12 தானே, சுத்தளவு 44 அடி, உயரம் 10, அப்போ 440 சதுர அடி. கதவு ஜன்னல் கழிச்சா ஏறக்குறைய 400, சீலிங் தனியா 120. லிட்டருக்கு எவ்வளவு வரும்னு டப்பாலயே போட்டிருக்கும், அது ஒரு கோட்டுக்கா ரெண்டு கோட்டுக்கான்னு பாத்து வகுத்துக்கோ

தம்பி: சரி தரையாவது மாத்தலாமா? பழைய டைல்ஸ் மேலயே புது டைல்ஸ் ஒட்டறாங்களே, உடைக்கற செலவு மிச்சம்

மாமா: தரை உயர்ந்து வாசல்ல ஒரு திட்டு மாதிரி நிக்கும்டா, கதவு அடியை வேற சீவணும், பாட்டிக்கு அங்கதான் கால் தடுக்கும். இருக்கற தரை வழுக்கல, உடையல, விட்டுடு. அந்தப் பணத்துல பாத்ரூம் சுவத்துல பிடிச்சுக்க ஸ்டீல் கம்பி அடிப்போம்

அம்மா: ஆமா அது ரொம்ப அவசியம்

தம்பி: அப்போ வால்பேப்பர் சீலிங் ரெண்டும் வேண்டாம், அந்தக் காசு ஈர வேலைக்கும் கம்பிக்கும் போகட்டும். பழைய பீரோவை நானே தேய்ச்சு பெயிண்ட் அடிச்சுடறேன், ஆள் கூலி மிச்சம்

அக்கா: சூப்பர்டா. மொத்தத்துல பத்துல ஒரு பங்கு தொடாம தனியா வெக்கறேன், சுவத்தை உடைச்சா உள்ள என்ன இருக்கும்னு தெரியாது. கலர் பாட்டியையே கேட்டுடும்மா

அம்மா: கேட்டேன், வெளிர் மஞ்சள்னு சொன்னாங்க

மாமா: நல்லது, ரூமும் வெளிச்சமா தெரியும். மாப்ள ஷீட் ஒட்டிட்டியா

தம்பி: ஒட்டியாச்சு மாமா, எலக்ட்ரீசியன் வர்ற நாளை சொல்லுங்க, அன்னைக்கு லீவு போட்டுடறேன்