மூலைக் கட்டடத்துக்கு வரும் உயர்ரக மளிகைக்கடை: வேண்டுமா, வேண்டாமா?

ஜன்னலோரம்: மூலைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உயர்ரக மளிகைக்கடை வருகிறது, பலகை வைத்துவிட்டார்கள். எனக்கு இதில் துளியும் விருப்பமில்லை. இப்படி ஒரு கடை வந்தால் அடுத்து ஏறுவது வீட்டு வாடகைதான். அந்தக் கடையில் கால் வைக்காதவரும் அதைக் கட்டியாக வேண்டும்.

வெயில்நடை: நல்ல காய்கறி வாங்க இரண்டு பேருந்து மாறிப் போகிறோம். பக்கத்திலேயே ஒன்று வருகிறது, அதையும் வேண்டாம் என்றால் எப்படி? பிடிக்காதவர்கள் போகாமல் இருங்கள்.

ஜன்னலோரம்: பழைய கடை இருக்கும்வரை அது சரி. அதுவும் மூடிவிட்டால் எங்கே போவது?

கணக்குப்பிள்ளை: இருவரும் கொஞ்சம் பொறுங்கள். இந்த வகைச் சங்கிலிக் கடைகள் கண்ணை மூடிக்கொண்டு இடம் பிடிப்பதில்லை. சுற்றுவட்டாரத்தில் யார் குடியிருக்கிறார்கள், வருமானம் எப்படி, எத்தனை புதுக் கட்டடம் எழும்புகிறது என்று பார்த்துத்தான் ஒப்பந்தம் போடுவார்கள். ஆக, கடை வருவதற்கு முன்பே வாடகை ஏறத் தொடங்கியிருக்கும். கடை அதை வேகப்படுத்தலாம், அவ்வளவுதான்.

வெயில்நடை, உங்கள் பக்கத்துக்கும் ஒன்று. அமெரிக்காவில் பெரிய கடை இல்லாத பகுதிகளில் புதிதாக ஒன்று திறந்தால் குடும்பங்கள் சத்தானதை அதிகம் வாங்குகின்றனவா என்று பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். மாற்றம் மிகக் குறைவு. ஏனென்றால் முன்பும் மக்கள் தூரத்துப் பெரிய கடைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். கடை பக்கத்தில் வந்ததும் அலைச்சல் குறைந்தது, கூடைக்குள் இருப்பது அப்படியே இருந்தது.

வெயில்நடை: அலைச்சல் குறைவதைச் சின்ன விஷயம் போலச் சொல்கிறீர்களே! முழங்கால் வலியோடு பை தூக்குகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை: சரி, அது நியாயம்.

தெருவிளக்கு: என் கவலை வேறு. வரும்போது இவ்வளவு பேசுகிறோம், போகும்போது? சிகாகோவின் எங்கில்வுட் பகுதிக்கு மாநகரத்தின் நிதியுதவியோடு 2016-இல் ஹோல் ஃபுட்ஸ் என்ற உயர்ரக மளிகைச் சங்கிலிக் கடை வந்தது. 2022-இல் மூடிவிட்டுப் போனது. இன்னொன்றும் உண்டு. சில பெரிய கடைகள் ஓர் இடத்தை விட்டுப் போகும்போது, அங்கே வேறு மளிகைக்கடை வரக்கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை எழுதி வைக்கும். பிரிட்டனில் இதற்கு 2010-இல் ஆணை போட்டுத் தடை கொண்டுவர வேண்டியிருந்தது. நம் கட்டட உரிமையாளர் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று யாராவது கேட்டீர்களா?

ஜன்னலோரம்: கேட்டால் மட்டும் சொல்லிவிடுவாரா?

கூடைக்காரி: இப்படிப்பட்ட கடைகளுக்கு நான் போவதுண்டு. எல்லாமே விலை அதிகம் என்று நினைக்காதீர்கள். பால், முட்டை போல எல்லாருக்கும் விலை மனப்பாடமான பொருளை லாபமே இல்லாமல்கூட விற்பார்கள். ஆனால் பாலை எடுக்கக் கடைசிச் சுவர் வரை நடக்க வேண்டும், போகிற வழியெல்லாம் மற்றவை கண்ணை இழுக்கும். விலைச்சீட்டின் பெரிய எழுத்தை விடுங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் கிலோவுக்கு எவ்வளவு என்று இருக்கும், அதைப் பாருங்கள். அழகான சின்னப் பொட்டலங்கள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

ஜன்னலோரம்: நான் சொல்வதும் அதுதான். பாலில் விட்டதை அடுத்த அலமாரியில் பிடித்துவிடுவார்கள். சின்னக் கடைக்கு அடுத்த அலமாரி ஏது? பெரிய கடைகளுக்கே இந்தத் தொழிலில் நிகர லாபம் பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் மூன்றுதான். வாடிக்கையாளர்களில் கொஞ்சம் பேர் நழுவினாலே நம் ஆள், அந்தப் பழைய கடைக்காரர், ஆடிப்போவார்.

வெயில்நடை: நம் ஆள் காலாவதித் தேதி மேல் ஸ்டிக்கர் ஒட்டி விற்றாரே, அப்போது இந்தப் பாசம் எங்கே போயிற்று?

ஜன்னலோரம்: அதற்கு நேரில் சண்டை போட முடிந்தது, கல்லாவில் அவரேதான் உட்கார்ந்திருந்தார். புதுக் கடையில் யாரிடம் போடுவீர்கள், செயலியிடமா?

தெருவிளக்கு: சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு லாரி எந்தப் பக்கம் நிற்கும், எத்தனை மணிக்கு இறக்குவார்கள் என்று இப்போதே எழுதி வாங்க வேண்டும். திறந்தபின் நம் பேச்சு எடுபடாது. கடிதம் நான் எழுதுகிறேன், பத்திர நிபந்தனை பற்றியும் கேட்கிறேன். யார் கையெழுத்துப் போடுகிறீர்கள்?

வெயில்நடை: இவ்வளவுதான் என்றால் போடுகிறேன். கடையே வேண்டாம் என்று ஒரு வரி நுழைந்தாலும் என் பெயரை எடுத்துவிடுங்கள்.

ஜன்னலோரம்: அந்த வரி இல்லாமல் என் கையெழுத்து இல்லை.