சாப்பிடுவது கம்மி, எடை மட்டும் அசையவில்லை: நீங்கள் பார்த்த, மறக்க முடியாத ஒரு கேஸ்

தராசுமுள்

1200 கலோரிக்கு மேல் போவதே இல்லை என்று நோட்டோடு வந்தவர். ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார், எடை மட்டும் நின்ற இடத்திலேயே. நோட்டில் இடித்தது ஒரே வரிதான்: எண்ணெய், தினமும் "1 ஸ்பூன்". சமைக்கும் முன் பாட்டிலை எடை போடுங்கள், சமைத்த பிறகு மறுபடி போடுங்கள் என்றேன். மறுநாள் இரண்டு போட்டோ வந்தன. 612, 571. ஒரு ஆளுக்கான சமையலில் 41 கிராம், அதாவது 369 கலோரி. நோட்டில் ஏறியது 120. கீழே "இது என் கையா?" என்று எழுதியிருந்தார்.

வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துச் சமைத்தால் இப்படிச் செய்யுங்கள். காலிப் பாத்திரத்தின் எடையைக் குறித்துவையுங்கள். உள்ளே போவதையெல்லாம் பச்சையாகவே எடை போட்டு மொத்தக் கலோரியைக் கூட்டுங்கள். வெந்ததும் பாத்திரத்தோடு எடை போட்டுக் காலி எடையைக் கழியுங்கள். மொத்தம் 1400 கிராம் வந்து உங்கள் தட்டில் 350 கிராம் விழுந்தால், உங்களுடையது கால் பங்கு.

அடுத்த ஓட்டை, பச்சை எடையும் வெந்த எடையும் மாறிப்போவது. 100 கிராம் அரிசி 350 கலோரிக்கு மேல்; 100 கிராம் சோறு சுமார் 130. அரிசியை எடை போட்டுவிட்டு ஆப்பில் "சோறு" என்று தேர்ந்தெடுத்தால் ஒரு வேளைக்கே 220 காணாமல் போகும். பருப்பு, பாஸ்தா எல்லாவற்றுக்கும் இதே கதி. கொட்டை வகைகளைக் கைப்பிடியில் அளக்கவே கூடாது: 30 கிராம் 180, 50 கிராம் 300. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இரும்புத்தட்டு

எண்ணெய் சரி. நான் பார்த்தவர் கிராம் பிசகாமல் அளப்பவர், திங்கள் முதல் வெள்ளி வரை! சனி, ஞாயிறு பக்கம் வெறுமையாக இருந்தது. கிட்டத்தட்ட எவ்வளவு இருக்கும் என்று சேர்ந்து உட்கார்ந்து போட்டோம்: நாளுக்கு 2600. ஐந்து நாள் 6000, இரண்டு நாள் 5200, மொத்தம் 11,200. ஏழால் வகுத்தால் 1600. கால்குலேட்டரைப் பார்த்துவிட்டு, "அப்ப அஞ்சு நாள் நான் வயித்தக் கட்டுனது எதுக்கு?" என்றார். பதில் சொல்ல வரவில்லை.

அவருக்கு 40 வயது, 155 செ.மீ., 65 கிலோ. சும்மா இருந்தாலே உடம்பு எரிக்கும் கலோரியைக் கணக்கிட மிஃப்லின் சூத்திரம் இருக்கிறதல்லவா, பெண்ணுக்கு: எடை×10 + உயரம்×6.25 − வயது×5 − 161. வருவது 1258. உட்கார்ந்த வேலைக்கு 1.2 முதல் 1.3 வரை பெருக்கினால் 1510–1635. 1600 அதற்குள்ளேதான் விழுகிறது. உடம்பில் கோளாறு எதுவும் இல்லை, கணக்கு அப்படியே நடக்கிறது. குள்ளமான, எடை குறைவான ஆளுக்குத் தேவையே சிறியது. ஆறடி ஆளுக்கு "கம்மி" என்பது இவருக்கு முழுச் சாப்பாடு.

யாரும் பொய் சொல்வதாக நினைக்காதீர்கள். 1992இல் வந்த ஆய்வில், "எவ்வளவு குறைத்தும் இறங்கவில்லை" என்றவர்களைத் ஐசோடோப்புக் குறியிட்ட நீர் (உடம்பு உண்மையில் எரிக்கும் கலோரியைக் காட்டிக்கொடுப்பது) கொடுத்து அளந்தார்கள். உண்மையில் சாப்பிட்டதைவிட 47% குறைத்துச் சொன்னார்கள், உடலுழைப்பை 51% கூட்டிச் சொன்னார்கள். வளர்சிதை மாற்றம் இயல்பாகவே இருந்தது. "வயசாச்சு, மெட்டபாலிசம் போச்சு" என்பதும் எடுபடாது. 2021இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடல் அளவுக்கு ஈடு செய்த கலோரிச் செலவு 20 வயதிலிருந்து 60 வரை பெரிதாக மாறவில்லை.

நீர்க்கணக்கு

ரெண்டு பேரும் சாப்பாட்டையே சுத்தி வர்றீங்க. எனக்கு வந்தவங்க அளவு, வார இறுதி எல்லாம் பக்கா. மூணு வாரம் 71.4லேயே நின்னுச்சு. நாலாவது வாரம் ஒரு காலையில 69.6. "மெஷின் கெட்டுப்போச்சு"ன்னு தராசைத் தூக்கிட்டு வேற ரூமுக்குப் போய் வெச்சு ஏறிப் பார்த்தாங்களாம்.

கொழுப்பு வாரம் 300–400 கிராம்தான் குறையும். ஒரு கிலோ கொழுப்புன்னா ஏறக்குறைய 7700 கலோரி, நாளுக்கு 370 குறைச்சா வாரம் மூணில் ஒரு கிலோ. தண்ணியோ ஒரே ராத்திரியில ஒரு கிலோ ஏறும். கிளைகோஜன், அதாவது உடம்பு சேர்த்து வைக்கிற மாவுச்சத்து, ஒரு கிராமுக்குச் சுமார் மூணு கிராம் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும். உப்பு கூடின சாப்பாடு, புதுசா எடை தூக்குறதால தசையில வர்ற வீக்கம், மாதவிடாய்க்கு முந்தின வாரம், மலச்சிக்கல், கிரியேட்டின் பவுடர்: இதுல எது வந்தாலும் மூணு வாரக் கொழுப்புக் குறைவை மூடிடும்.

அதனால, காலையில எழுந்து கழிவறை போய்ட்டு, எதுவும் குடிக்காம, ஒரே உடையில, கெட்டித் தரையில (பாய், கார்பெட் மேல வேணாம்) நில்லுங்க. தினமும் குறிங்க, ஆனா ஏழு நாள் சராசரியை மட்டும் பாருங்க. மாதவிடாய் இருக்கிறவங்க போன சுழற்சியின் அதே வாரத்தோட ஒப்பிடணும், போன வாரத்தோட இல்ல. தொப்புள் மட்டத்துல டேப் பிடிச்சு, மூச்சை விட்ட நிலையில ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை அளங்க. நாலு வாரச் சராசரியும் அசையல, டேப்பும் அசையலன்னா அப்பதான் அது தேக்கம். அதுக்கு முன்னாடி இன்னும் 200 கலோரி வெட்டறது வீண்.

"பட்டினி போட்டா உடம்பு கொழுப்பைப் பிடிச்சு வெச்சுக்கும்"னு யாராவது வந்தா: 1944–45 மினசோட்டா ஆய்வுல 36 பேர் 24 வாரம் அரைப் பட்டினி. சராசரியா உடம்பில் நாலில் ஒரு பங்கு எடை போச்சு. உடம்போட கலோரிச் செலவு குறைஞ்சது உண்மை, கால் வீங்கினது உண்மை. எடை மட்டும் நிக்கல.

மருந்துச்சீட்டு

தராசுமுள், எல்லாரையும் எண்ணெய் பாட்டிலோடு அனுப்பிவிடாதீர்கள். சர்க்கரை நோய்க்கு கிளிமெபிரைடு எடுக்கும் ஒருவர், 1300 கலோரி, சரியான அளவு. இரவு இரண்டு மணிக்கு வியர்த்து, நடுங்கி எழுந்து அரை லிட்டர் பழச்சாறும் பிஸ்கட்டும் சாப்பிடுகிறார், வாரத்தில் பல நாள். ஏன் எழுதவில்லை என்றதற்கு, "அது சாப்பாடு இல்லையே டாக்டர், மருந்துதானே" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. உணவைக் குறைத்தபோது மாத்திரை அளவை யாரும் குறைக்கவில்லை, அதனால் இரவில் சர்க்கரை தாழ்ந்துவிடுகிறது, அதுதான் பிரச்சினை. இன்சுலின் அல்லது சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரை (கிளிமெபிரைடு இந்த வகைதான்) எடுப்பவர் டயட் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சர்க்கரை தாழ்ந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. 15 கிராம் என்பது 60 கலோரிதான். அரை லிட்டர் சாறு 200க்கு மேல்.

எடை ஏற்றும் பிற மருந்துகள்: பிரெட்னிசோலோன், ஒலன்சபின், மிர்டசபின், வால்புரோயேட், பிரிகாபலின், சில பீட்டா பிளாக்கர்கள். இவற்றைத் தானாக நிறுத்தினால் ஆபத்து. மாற்று உண்டா என்று கேட்கலாம். தைராய்டுக்கு எல்லாப் பழியையும் போடுகிறோம், அதனால் ஏறுவது பெரும்பாலும் 2 முதல் 4.5 கிலோ, அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும்தான். TSH (தைராய்டுக்கான இரத்தப் பரிசோதனை) எதிர்பார்த்த அளவுக்கு வந்த பிறகும் இறங்காவிட்டால் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறி, கால் வீங்கி, மூச்சு வாங்கினால் கலோரி எண்ணாமல் அன்றே மருத்துவமனை.

தராசுமுள்

@மருந்துச்சீட்டு, மாத்திரைப் பட்டியல் என் முதல் கேள்வியிலேயே இருக்கிறது சார். ஆனால் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மாத்திரையே எடுக்காதவர்கள். அவர்களுக்கு பாட்டில்தான்.

இரும்புத்தட்டு

ஒன்று விட்டுப்போனது. டிரெட்மில் காட்டும் 300ஐத் திருப்பிச் சாப்பிடாதீர்கள். சும்மா உட்கார்ந்திருந்தாலும் எரிந்திருக்கும் கலோரியும் அதற்குள் இருக்கிறது. 65 கிலோ ஆள் 5 கி.மீ. நடந்தால் கூடுதலாகச் செலவாவது 170 போலத்தான். உணவு குறைந்தால் ஆள் தன்னை அறியாமல் குறைவாக அசைவார், படியேற மாட்டார், நிற்க மாட்டார். அதனால் டயட்டுக்கு முந்தைய வாரத்து நடை எண்ணிக்கையைக் குறித்துவைத்து அதற்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். புரதம் கிலோவுக்கு 1.2–1.6 கிராம் (சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டு), வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி. இல்லையென்றால் போவதில் தசையும் சேர்ந்து போகும்.

நிலாமுற்றம்

எல்லோரும் குறைப்பதைப் பற்றியே பேசுகிறீர்கள். என்னிடம் வந்த பெண்ணுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 19, இயல்பின் கீழ் எல்லையருகே. உண்மையிலேயே 1100தான், தராசு வைத்துப் பார்த்தாயிற்று. தினம் ஒரு மணி நேரம் ஓட்டம். கை சில்லிட்டிருந்தது, முடி கொட்டுகிறது, ஐந்து மாதமாக மாதவிடாய் இல்லை. "அது நின்னதுகூட வசதிதான் மேடம், எடை ஏன் இறங்கல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அங்கே பாட்டிலை எடை போடச் சொன்னால் நோயைத்தான் வளர்ப்போம். ஓட்டத்தைக் குறைத்து, ஒவ்வொரு வாரமும் தினசரி அளவில் 200–300 கலோரி கூட்டி, எலும்பு அடர்த்திப் பரிசோதனைக்கும் மனநல ஆலோசனைக்கும் அனுப்ப வேண்டிய ஆள் அவர். ஏற்கெனவே பல நாள் கிட்டத்தட்டப் பட்டினி என்றால் கூட்டுவதும் மருத்துவக் கண்காணிப்பில்தான். திடீரென்று கூட்டினால் இரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று சரியும், அது ஆபத்து. பருமனானவர்களுக்கே 800க்குக் கீழே மருத்துவர் இல்லாமல் போகக் கூடாது, பித்தப்பைக் கல் வரலாம்.

தராசுமுள், மாத்திரைப் பட்டியல் கேட்கிறீர்கள், நல்லது. கடைசி மாதவிடாய் தேதி கேட்கிறீர்களா?