மென்பொருள் வானொலியும் வீட்டு மின் இரைச்சலும்

ஹெர்மிஸ் லைட் 2 என்ற அமெச்சூர் வானொலிக் கருவியை (அலைகளைக் கணினி மென்பொருளின் உதவியோடு கேட்கவும் அனுப்பவும் செய்வது) வாங்கி வீட்டுக் கணினியோடு இணைக்கப் போகும் நண்பர்களுக்கு ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்கிறேன்: மென்பொருளைத் தொடுவதற்கு முன் வீட்டின் மின் இரைச்சலைக் கவனியுங்கள்.

கருவி சிறியது, 5 வாட் திறன் கொண்டது. ஆன்டெனாவில் வருவதை விநாடிக்கு 7 கோடியே 68 லட்சம் முறை அளந்து, நாம் கேட்ட பகுதியை மட்டும் வடிகட்டி, ஈதர்நெட் கேபிளில் கணினிக்குத் தள்ளுகிறது. லினக்ஸில் குவிஸ்க் மென்பொருளைத் திறந்ததும் கருவி தென்பட்டுவிட்டது. இணைப்பு வேலை அவ்வளவுதான்.

மலைப்பு அதற்குப் பிறகுதான். 40 மீட்டர் அலைநீள அலைவரிசையைத் திரையில் விரித்தால் திரை முழுக்கச் சீரான இடைவெளியில் மஞ்சள் பட்டைகள். எல்லாம் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. பழைய ரேடியோவில் இது வெறும் இரைச்சலாகக் கேட்கும், அவ்வளவே. சிக்னல்களை நிறங்களாக வரைந்து வழியவிடும் இந்த ‘வாட்டர்ஃபால்’ திரையில் ஒவ்வொரு இரைச்சலுக்கும் தனி முகம் இருக்கிறது.

கருவியை 12 வோல்ட் பேட்டரியிலும் மடிக்கணினியை அதன் பேட்டரியிலும் ஓடவிட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். திரை கறுத்தது, பட்டைகள் இருந்த இடத்தில் மோர்ஸ் புள்ளிகளும் கோடுகளும் ஊசி போலத் தெரிந்தன. அந்தக் காட்சிக்காகவே இந்தக் கருவியை வாங்கலாம்! பிறகு மெயினைப் போட்டு, மகள் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்ட, நான் திரையைப் பார்த்தேன். மாடிப்படி எல்.இ.டி. விளக்கு எரிந்ததும் நகரும் பட்டைகள் திரும்பின. கூடத்து மின்விசிறியின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் வேறு ரகம்: விநாடிக்கு 100 துடிப்பாக ஒரு கரகரப்பு. மின்தேக்கியால் படிப்படியாக வேகத்தை மாற்றும் ரெகுலேட்டரைப் போட்டதும் அது ஒழிந்தது.

அனுப்பத் தொடங்கியதும் வேறொரு தொல்லை: மவுஸ் உறைந்துவிடும். அலையின் ஒரு பகுதி, ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்சியல் கேபிளின் வெளியுறை வழியாகவே வீட்டுக்குள் திரும்பி யு.எஸ்.பி. கம்பியில் ஏறுகிறது. அதைத் தடுக்க, டைபோல் ஆன்டெனாவில் கேபிள் சேரும் இடத்தில், 31 ரக ஃபெரைட் என்ற காந்தப் பொருளாலான வளையத்தில் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினேன். மவுஸ் அதன்பின் அசையாமல் நின்றதில்லை.

கணினிவழிக் குறுஞ்செய்தி அனுப்பும் எஃப்.டி.8 முறைக்குக் கணினிக் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். 15 விநாடிக்கு ஒரு முறை என்ற கணக்கில், ஒவ்வொரு தடவையும் 12.64 விநாடி இடைவிடாமல் ஒலிபரப்பாகும் முறை அது. இணையத்தோடு நேரத்தை ஒத்திட்டுக்கொள்ள குரோனி என்ற மென்பொருள் போதும். குவிஸ்குக்கும், எஃப்.டி.8 செய்திகளைக் கையாளும் டபிள்யூ.எஸ்.ஜே.டி-எக்ஸ் மென்பொருளுக்கும் நடுவில் ஒலியைக் கொண்டுசெல்ல மெய்நிகர் ஒலித்தடம் ஒன்றைத் தனியாக உருவாக்குங்கள். கணினியின் பொது ஒலித்தடத்தையே கொடுத்தால் மின்னஞ்சல் வந்த மணியோசையும் நம் அழைப்புக்குறியின் (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளப் பெயர்) பேரில் வானேறும். உரிமம் வாங்கியவருக்கு அது அழகல்ல.

மோர்ஸ் சாவியைத்தான் இன்னும் இணைக்கவில்லை. அழுத்தும் கணத்துக்கும் கணினி ஒலி காதில் விழும் கணத்துக்கும் இடையே வரும் தாமதம், வேகமாக அடிப்பவரின் கையைக் குழப்பிவிடும். இதைச் சமாளித்தவர்கள், கணினி ஒலியைச் சேர்த்துவைக்கும் இடையகத்தின் (பஃபர்) அளவை எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.